எலும்புப் படத்தில் விழுந்த தாயத்து

"அம்மாவுக்கா தம்பி?" என்று பக்கத்து நாற்காலிப் பெண்மணி கேட்டார்.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்த நோயாளிகள் எல்லோருமே வயதான பெண்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மகனோ மகளோ மருமகளோ தண்ணீர் பாட்டிலும் பையுமாக இருந்தார்கள். அங்கிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் துணைக்கு வந்தவர்கள். நானும் அப்படித்தான் தெரிந்திருப்பேன். என் அம்மா பாத்ரூமுக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"இல்லம்மா, எனக்குத்தான்."

"உனக்கா?" மேலும் கீழும் பார்த்தார். "ஐய, இன்னா வயசு உனக்கு? இன்னும் கல்யாணமே ஆவல போல. அதுக்குள்ள எலும்பு தேஞ்சி போச்சா?"

"எம்மா, சும்மா இரேன்" என்று அவர் மகள் முழங்கையால் இடித்தாள். "வர்றவங்க போறவங்களையெல்லாம் வம்புக்கு இழு."

"நான் இன்னாடி தப்பா கேட்டுட்டேன்? கம்ப்யூட்டர் முன்னாடியே குந்திகினு இருந்தா இப்படித்தான். வெயில் படணும் தம்பி. நானெல்லாம் உன் வயசுல நாத்து நட்டவ."

"அதான் இப்ப இடுப்பு போயி இங்க வந்து உக்காந்திருக்க" என்றாள் மகள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் எலும்புக்கு வந்த கேடு கம்ப்யூட்டரால் அல்ல. கல்லூரி கடைசி வருடத்தில் எனக்குச் சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்தது. முகமும் காலும் வீங்கின. அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். குறைப்பார்கள், நோய் திரும்பும், மறுபடி ஏற்றுவார்கள். வருடங்கள் இப்படியே போயின. சிறுநீரகத்தைக் காப்பாற்றும் அந்த மாத்திரை, நீண்ட நாள் சாப்பிட்டால் எலும்பைக் கரைக்கும் என்று டாக்டர் சொன்னார். "எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பாத்துடுவோம். ரொம்பக் குறைஞ்சிருந்தா மருந்தையே மாத்தணும். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டோட வா" என்றார். பிறகு, "அதுவரைக்கும் கீழ மேல விழுந்து வெக்காத" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னோடு அறைக்கு வந்தது. முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். படிக்கட்டு வெளிப்பக்கம், கைப்பிடி இல்லை, மழை பெய்தால் பாசி. கீழ்வீட்டுக்காரர்கள் பாதி நாள் வெளியூரில் இருப்பார்கள். அந்தப் படியில் நான் விழுந்தால், எவ்வளவு நேரம் கழித்து யாருக்குத் தெரியும்? மோட்டார் சைக்கிள் ஷோரூமில் கணக்குப் பிரிவில் வேலை எனக்கு. காலையில் வரவில்லை என்றால் பதினோரு மணி வாக்கில் மேனேஜர் போன் செய்வார். எடுக்காவிட்டால் லீவு என்று போட்டுவிடுவார். இதைத்தான் அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

கவுன்ட்டரில் ரசீது போட்ட பெண், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டிருந்தாள்.

"யாரும் வரல."

"அட்டெண்டர் யாருமே இல்லையா?"

"இதுக்கு ஊசி மயக்கம் எதுவும் இல்லைன்னு சொன்னாங்களே."

"அது இல்லதான். ஆனா யாராவது வருவாங்கல்ல" என்று சொல்லிவிட்டு, என் பையையும் என்னையும் பார்த்து, "சரி, அங்க உக்காருங்க" என்றாள்.

நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவது கல்யாணத்துக்குத் தனியாகப் போவதைவிடக் கூச்சமான காரியம். காய்ச்சலுக்கு ஊசி போடப் போனாலே இரண்டு பேர் கூட வருவார்கள்.

ஸ்கேனைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் சின்ன வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் எழுத்து எல்லாவற்றையும் நான்தான் படிப்பேன். கரண்ட் பில், மாத்திரை அட்டை, பஸ் பலகை, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய தாள். உரக்கப் படித்து அம்மாவுக்கு விளக்குவேன். அந்தப் பழக்கத்தில் இந்த ஸ்கேனைப் பற்றியும் முதல் நாள் அறையில் உரக்கத்தான் படித்தேன். ஸ்கேனுக்கு முந்தைய நாள் கால்சியம் மாத்திரை சாப்பிடக் கூடாது. மற்றபடி வழக்கம்போல் சாப்பிடலாம். குகை மாதிரியான இயந்திரத்துக்குள் போக வேண்டியதில்லை. திறந்த மேசையில் படுத்தால் போதும். வலி இல்லை. மார்பு எக்ஸ்ரேயைவிடவும் கதிர் குறைவு. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. படித்து முடித்ததும் "சரியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் யாரிடம் கேட்டேன் என்று தோன்றியது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே டெக்னீஷியனாக ஒரு அக்கா இருந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு மேலே மெல்லிய சங்கிலியில் சிலுவை தொங்கியது.

"மெட்டல் எதுனா இருக்கா தம்பி? பெல்ட், ஜிப், சாவி, சில்லறை, போன்?"

ஒவ்வொன்றாக எடுத்து ட்ரேயில் வைத்தேன். ஜிப் கூடாது என்று படித்திருந்ததால் நாடா வைத்த பேன்ட்தான் போட்டிருந்தேன். அதைச் சொன்னதும், "அடேங்கப்பா, நல்லா படிச்சிட்டு வந்திருக்க. எல்லாரும் உன்னை மாதிரி வந்தா நான் அஞ்சு மணிக்கே வூட்டுக்குப் போயிடுவேன்" என்றார். "வேற எதுவும் இல்லல்ல?"

"இல்லக்கா."

மெத்தை போட்ட மேசையில் மல்லாந்து படுக்கச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே பெரிய ஸ்பான்ஜ் கட்டையை வைத்து, கால்களைத் தூக்கி அதன்மேல் போட்டார். அப்படிச் செய்தால் முதுகு மேசையோடு படிந்துவிடும், முதுகெலும்பு நேராகத் தெரியும் என்றார். மேலே ஒரு கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பாகம் என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

"அசையாத. மூச்சை அடக்காத, சாதாரணமா வுடு. தூங்கிடாத."

அந்தக் கை மெல்ல நகர ஆரம்பித்தது. தையல் மிஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். ஏசி குளிர். கூரையில் ஒரு தண்ணீர்க் கறை. நான் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். யாராவது ஒருவர் என்னைப் படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, அசையாதே என்று சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மேசையில் எனக்கு நன்றாகவே இருந்தது.

"தம்பி." அக்காவின் குரல் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தது. "உன் முதுகெலும்புல ஒண்ணு இரும்புல செஞ்சதா?"

"என்னக்கா?"

"எழுந்து வா. நீயே பாரு."

திரையில் என் முதுகெலும்பு இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சாம்பல் நிறக் கட்டங்கள். ஓரங்கள் மங்கலாக, கரைந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி. கீழேயிருந்து இரண்டாவது கட்டத்தின் மேல், சின்னக் கோவைக்காய் அளவுக்கு, பளீரென்று வெள்ளையாக ஒன்று குறுக்கே படுத்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் குட்டி வளையங்கள். அந்த வளையங்களைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. கை தானாக இடுப்புக்குப் போனது.

தாயத்து.

வேண்டுமென்று மறைக்கவில்லை. மெட்டல் இருக்கிறதா என்று கேட்டபோது அது என் நினைவுக்கே வரவில்லை. கைவிரலில் நகம் இருக்கிறதா என்று கேட்டால் யோசிப்போமா? குளிக்கும்போது, தூங்கும்போது, பரீட்சை எழுதும்போது எப்போதும் இடுப்பில் அரைஞாண் கயிறும் அதில் கோத்த செம்புத் தாயத்தும் இருந்தன. பிறந்த கொஞ்ச நாளில் காய்ந்து விழுந்த என் தொப்புள்கொடியை அதற்குள் போட்டு மூடி, கறுப்புக் கயிற்றில் கோத்து அம்மா கட்டியது. கயிறு மாறும், தாயத்து அதேதான்.

"அரணா கயிறா?" என்று அக்கா சிரித்தார். "இதான் தம்பி, உங்க ஆம்பளைங்ககிட்ட எனக்கு இருக்கிற தொல்ல. பொம்பளைங்க தாலியை எடுக்கவானு அவங்களே கேட்டுடுவாங்க. ஆம்பளைங்க எதுவுமே இல்லம்பீங்க, படத்துல பாத்தா இடுப்புல ஒரு பாத்திரக் கடை இருக்கும். கழட்டிட்டுப் படு, இன்னொரு தடவ எடுத்துடலாம். இது எலும்போட சேந்து கணக்காயிடும். இல்லாத பலத்தை இருக்குன்னு காட்டிடும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முடிச்சு, தண்ணீரும் வியர்வையும் குடித்துக் குடித்து மிளகு மாதிரி இறுகியிருந்தது. நகம் நுழையவில்லை. கீழே தள்ளி உருவலாம் என்றால் இடுப்பெலும்பில் நின்றது. மாத்திரையால் வந்த தொப்பை மேலே போகவும் விடவில்லை. கயிறு சதையில் பதிந்து, அந்த இடத்தில் ஒரு கறுத்த கோடு இருந்தது.

"வரலக்கா. முன்னாடி தள்ளிக்கவா?"

"முன்னாடி தள்ளு, பின்னாடி தள்ளு, கதிர் உள்ள புகுந்துதான போவுது. பக்கத்துல தள்ளுனா அடுத்து இடுப்புப் படத்துல வந்து உக்காந்துக்கும்." டிராயரைத் திறந்தார். "இந்தா, கத்திரிக்கோல்."

நான் வாங்கவில்லை.

எங்கள் வீட்டில் அரைஞாண் கயிற்றை அறுத்துவிட்டுப் புதிது கட்ட மாட்டார்கள். புதிதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். ஒரு நிமிடம்கூட இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. ஆணின் இடுப்பிலிருந்து கயிற்றை வெறுமனே அறுப்பது ஒரே ஒரு முறைதான். நான் ஆறாவது படிக்கும்போது சுடுகாட்டில் அப்பாவுக்கு அறுத்ததைப் பார்த்திருக்கிறேன். சின்னக் கத்தியால் ஒரே இழுப்பு.

பொங்கலுக்கு முந்தின நாள் அம்மா பெரிய மார்க்கெட்டில் கீரை விற்று முடித்துவிட்டு வரும்போது, மடியில் புதுக் கயிறு இருக்கும். என்னை நிற்க வைத்து, தான் தரையில் உட்கார்ந்து கட்டுவார். அவர் தலை என் வயிற்றுக்கு நேராக இருக்கும், கொத்தமல்லி வாசனையோடு. தாயத்தைப் பழைய கயிற்றில் அந்தண்டை தள்ளிவிட்டு, புதுக் கயிற்றை முதலில் கட்டி, பழையதை அறுத்து, தாயத்தை எடுத்து இதில் சேர்ப்பதற்கு ஒரு வித்தை வைத்திருந்தார். நுனியை எச்சிலில் நனைத்துப் பல்லால் இழுத்து முடிச்சை இறுக்குவார். நான் விளையாட்டுக்கு வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன். "மூச்சை வுடுடா. என்னை ஏமாத்தற மாதிரி கயித்த ஏமாத்த முடியாது. நாளைக்கு சோறு தின்னா வெட்டும்" என்பார். பிறகு தன் இரண்டு விரலை இடையில் நுழைத்துப் பார்ப்பார். இரண்டு விரல் போனால் சரி.

கல்லூரி முடித்து வேலைக்குப் போனபிறகும் அப்படித்தான். வெட்கமாக இருக்கும். "நானே கட்டிக்கிறேம்மா" என்றால், "உனக்கு நீயே கட்டிக்கறதுக்கு அது இன்னா பெல்ட்டா?" என்பார்.

கடைசியாகக் கட்டியது போன வருடத்துக்கு முந்தின வருடப் பொங்கலுக்கு. அந்த ஆடியில் ஒரு காலை, மார்க்கெட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் வந்து போயிற்று. கயிற்றை நான் மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்று முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. கட்டிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் உடம்பு பெருத்துக்கொண்டே போனேன். அவர் விட்ட இரண்டு விரல் இடம் நிரம்பி, கயிறு உள்ளே பதிந்துகொண்டே போனது.

"தம்பி?" அக்கா கத்திரிக்கோலை மேசைமேல் வைத்தார். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, குரல் தணிந்தது. "கட்டாயம் இல்ல. வாணாம்னா இன்னொரு நாள் வா. வூட்ல அம்மாகிட்ட சொல்லி, மொறையா அவுத்துட்டு வா."

"அம்மா இல்லக்கா. அவங்க கட்டினதுதான் இது."

அவர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அந்தப் பெண்மணி, "உள்ள இன்னாடி பண்றான் அந்தப் புள்ள, தூங்கிட்டானா?" என்று மகளிடம் கேட்பது கேட்டது.

எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் ரிப்போர்ட் வரவில்லை என்று சொல்லலாம். ஆனால் அடுத்த வாரம் வந்தாலும் இதே முடிச்சு, இதே இடுப்பு, இதே நான். இன்னொரு பக்கம், அந்தப் பாசிப் படிக்கட்டு. விழுந்தால் எலும்பு தாங்குமா தாங்காதா என்று தெரியாமல் தினமும் இறங்குவது. இல்லாத பலத்தை இருக்கிறது என்று காட்டும் ஒரு படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"அக்கா, நூல் மாதிரி எதாவது இருக்குமா? புதுசு கட்டிட்டுத்தான் பழச அறுக்கணும்."

"தெரியும் தம்பி. எங்க வூட்லயும் அதான். நாங்க மாதா மெடல் கோத்துக் கட்டுவோம்." எழுந்து அலமாரியைத் துழாவினார். "நூலு இல்லியே... இந்தா, கட்டுத் துணி இருக்குது. காயத்துக்குச் சுத்தறது. மெட்டல் கிடையாது, படத்துல வராது." நீளமாக ஒரு துண்டு கிழித்து, இரண்டு கையிலும் உருட்டித் திரித்துக் கயிறாக்கிக் கொடுத்தார். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

முதல் தடவையாக எனக்கு நானே அரைஞாண் கட்டிக்கொண்டேன். சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வயிற்றைத் தாண்டி முடிச்சைப் பார்க்க முடியவில்லை. குனிந்தால் தளர்ந்தது. நிமிர்ந்தால் தெரியவில்லை. மூன்று முறை அவிழ்ந்தது. கடைசியில் முன்னால் முடிச்சுப் போட்டு, பின்னால் தள்ளிக்கொண்டேன். அதற்கப்புறம் கத்திரிக்கோலைப் பழைய கயிற்றுக்கு அடியில் நுழைத்தேன். நுழைய இடமே இல்லை. தோலில் எஃகு குளிர்ந்தது. அழுத்தினேன். சத்தம் எதுவும் வரவில்லை. கயிறு விட்டதும் வயிறு கொஞ்சம் முன்னால் வந்தது. பெரிதாக மூச்சு விட்டேன். உண்மையைச் சொன்னால், வலியோடு இருந்திருக்கிறேன். அது வலி என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கயிற்றையும் தாயத்தையும் சாவிக்குப் பக்கத்தில், ட்ரேயில் வைத்தேன். வேறு யாருடையதோ போல இருந்தது.

"அக்கா, முதல்ல எடுத்த படம் என்ன ஆவும்?"

"அழிச்சிடுவேன். தப்புப் படம் அது."

"ஒரு பிரிண்ட் கிடைக்குமா?"

"தப்புப் படத்தைக் குடுத்தேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும் தம்பி" என்றார். ஆனால் உடனே அழிக்கவில்லை. திரையை என் பக்கம் லேசாகத் திருப்பி வைத்துவிட்டு, ஸ்பான்ஜ் கட்டையைத் துடைக்கப் போனார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கட்டையை அவர் துடைத்து முடிக்கிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கலான எலும்பு. அதன்மேல் அந்த வெள்ளை. செம்பு மட்டும்தான் தெரிந்தது, அதற்குள் இருப்பது தெரியவில்லை. அது தசைதானே, படத்தில் வராது.

மறுபடி படுத்தேன். முதுகை எடுத்தார். பிறகு ஸ்பான்ஜை எடுத்துவிட்டு, இடது காலை உள்பக்கமாகத் திருப்பி ஒரு சட்டத்தில் வைத்துப் பட்டை போட்டு, இடுப்பெலும்பை எடுத்தார். "மூச்சை அடக்காத தம்பி, சாதாரணமா வுடு" என்று மறுபடி சொன்னார். விட்டேன்.

வெளியே வந்தபோது அந்தப் பெண்மணி உள்ளே போக எழுந்தார். "வலிச்சிதா?" என்று என் காதருகே கேட்டார்.

"இல்லம்மா. சும்மா படுத்திருந்தா போதும். உடம்புல எது இருந்தாலும் மறக்காம சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை டாக்டர் தாளைப் பார்த்தார். வயதானவர்களுக்குப் பார்ப்பதுபோல் பார்க்க மாட்டார்களாம். என் வயதுக்காரர்களோடுதான் ஒப்பிடுவார்களாம். அவர்களுக்கு எதிர்பார்ப்பதைவிட முதுகில் குறைவாக இருக்கிறது, இடுப்பில் பரவாயில்லை என்றார். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றலாம். கால்சியம், வெயில், நடை. "அடுத்த வருஷம் மறுபடி ஒரு ஸ்கேன் பாக்கலாம். விழாம பாத்துக்கணும். வீட்ல யாரு இருக்கா?"

"நான்தான் சார்."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "அப்ப நீதான் பாத்துக்கணும்" என்றார்.

அங்கிருந்து நடந்தே பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மா உட்கார்ந்த இடத்தில் இப்போது வேறொருவர் புதினா விற்கிறார். அந்தப் பக்கம் போகாமல், பூக்கடை வழியாக உள்ளே நுழைந்து, மஞ்சள், குங்குமம், கயிறு விற்கும் கடையில் நின்றேன்.

"அரணா கயிறு வேணும்."

"எத்தினி வயசுப் புள்ளைக்கு?" என்றார் கடைக்காரம்மா, குட்டிக் கயிறுகள் தொங்கிய கொத்தை எடுத்துக்கொண்டே.

"பெரிய ஆளுக்கு. எனக்குத்தான்."

கொத்தை மாட்டிவிட்டுக் கறுப்புக் கயிற்றுச் சுருளை எடுத்தார். என் வயிற்றைக் கண்ணாலேயே அளந்து, தாராளமாக வெட்டினார். "வூட்ல யாரையாவது கட்டிவுடச் சொல்லு தம்பி. நீயா கட்டுனா நிக்காது."

"சரிங்கம்மா" என்றேன்.

படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அறைக்கு வந்து, தாயத்தைப் புதுக் கயிற்றில் கோத்தேன். கட்டுத் துணியை அவிழ்க்காமல், அதற்கு மேலேயே கயிற்றைக் கட்டினேன். பல்லால் இறுக்க என் வாய் என் இடுப்புக்கு எட்டாது. அதனால் மார்க்கெட்டில் மூட்டைக்குப் போடுவது போல, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற சுருக்கு முடிச்சாகப் போட்டேன். அடுத்த வருடம் ஸ்கேன் அறையில் அதை நான்தானே கழற்ற வேண்டும். பிறகு கட்டுத் துணியை அறுத்தேன். மூச்சை முழுதாக வெளியே விட்டு, வயிறு அதன் அளவுக்கு வரும்வரை காத்திருந்து, கயிற்றுக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தேன்.

போயிற்று.